எத்தனாலுக்கு மாறும் கார்பரேட்டர்: கணக்கு முதலில், ஸ்பானர் பிறகு



கம்போங் மேடான், பழைய கிள்ளான் சாலை பக்கம் வளர்ந்த நம்ம பிள்ளைகள் பலருக்கு இன்ஜின் மேல் ஆசை தானாகவே வந்துவிடுகிறது. பட்டறையில் ஒரு போர்மேன் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தே பாதி வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும் 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலிலும் கார்பரேட்டர்தான் இருந்தது. அந்தப் பழைய இன்ஜினை எடுத்து ட்ராக்கில் ஓட்டத் தயார் செய்யும்போது, "எத்தனால் ஊத்தினா பவர் ஏறுமாமே?" என்ற பேச்சும் கூடவே வரும்.

ஏறும். ஆனால் ஊற்றுவதால் மட்டும் ஏறாது. ஏன் என்பதுதான் இந்தப் பாடம்.

இது புதுக்கதை இல்லை

பிரேசில் நாடு 1975-இல் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. 1979-இல் முழுக்க எத்தனாலில் ஓடும் ஃபியாட் 147 அங்கே விற்பனைக்கு வந்தது. அதுவும் கார்பரேட்டர் வண்டிதான். அமெரிக்காவின் இண்டிகார் பந்தயம் பல ஆண்டுகள் மெத்தனாலில் ஓடி, 2007-இல் எத்தனாலுக்கு மாறியது. நாஸ்கார் பந்தயத்தில் 2011-இல் 15 சதவீத எத்தனால் கலந்த எண்ணெய் வந்தது. அந்த ஆண்டு முழுவதும் அந்தக் கார்கள் கார்பரேட்டரோடுதான் ஓடின. இன்ஜெக்‌ஷன் வந்தது 2012-இல். ஆக, கார்பரேட்டரும் எத்தனாலும் சேரும். சேர்க்கிறவனுக்குக் கணக்கு தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் கணக்கு: எவ்வளவு எண்ணெய்?

1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 1 கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இன்ஜின் இழுக்கும் காற்று மாறாது. அதனால் அதே காற்றுக்கு எத்தனால் எடையில் சுமார் 1.6 மடங்கு வேண்டும். எத்தனால் பெட்ரோலைவிடக் கொஞ்சம் கனமானது. அதனால் அளவில் பார்த்தால் சுமார் 1.5 மடங்கு. டேங்க் சீக்கிரம் காலியாகும் காரணமும் இதுதான்.

இனி ஜெட்டுக்கு வருவோம். பல கார்பரேட்டர்களில் 120 என்று போட்டிருந்தால் துவாரத்தின் விட்டம் 1.20 மில்லிமீட்டர். "ஒன்றரை மடங்கு வேணும், அப்போ 180 போடு" என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எண்ணெய் போவது துவாரத்தின் பரப்பு வழியாக. பரப்பு விட்டத்தின் வர்க்கம். 180 போட்டால் பரப்பு 2.25 மடங்காகிவிடும், இன்ஜின் மூழ்கிப் போகும். 1.5-இன் வர்க்கமூலம் சுமார் 1.22. அதை 120-ஆல் பெருக்கினால் 147 வரும். ஆரம்பிக்க வேண்டிய இடம் அது, முடிவு இல்லை. வேறு முறையில் நம்பர் போடும் கம்பெனிகளும் உண்டு. உங்கள் கார்பரேட்டரின் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

மெயின் ஜெட்டோடு வேலை முடியாது. ஐடில் ஜெட், ஆக்சிலரேட்டர் பம்ப், ஃப்ளோட் அறைக்குள் எண்ணெய் விடும் நீடில் வால்வு, ஃபியூல் பம்ப் எல்லாமே ஒன்றரை மடங்கு தர வேண்டும். மெயின் ஜெட்டை மட்டும் மாற்றினால் நேர்ரோட்டில் பாதி தூரம் போனதும் ஃப்ளோட் அறை வற்றும், இன்ஜின் லீன் ஆகும். கனமான எண்ணெயில் ஃப்ளோட் மேலே மிதப்பதால் அதன் மட்டத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பெட்ரோல் ஜெட்டோடு சுத்த எத்தனால் ஊற்றினால் இன்ஜின் இருமிக்கொண்டு நிற்கும்; அது பரவாயில்லை. அரைகுறையாக ஜெட் மாற்றினால்தான் ஆபத்து. ஓடுகிற மாதிரி தெரியும், உள்ளே வால்வும் பிஸ்டனும் வேகும்.

பவர் எங்கிருந்து வருகிறது?

1 கிலோ எத்தனாலில் சுமார் 27 மெகாஜூல் சக்தி, பெட்ரோலில் சுமார் 43. ஆனால் நாம் கூடுதலாக ஊற்றுகிறோமே! 27-ஐ 9-ஆல் வகுங்கள், 43-ஐ 14.7-ஆல் வகுங்கள். இரண்டும் 3-ஐ ஒட்டியே வரும். அதாவது, ஒரே அளவு காற்றுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே சக்தியைத்தான் தருகின்றன.

அப்புறம் என்ன லாபம்? இரண்டு. ஒன்று, குளிர்ச்சி. எத்தனால் ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை உறிஞ்சும். ஊற்றும் அளவும் கூடுதல் என்பதால், பெட்ரோலைப்போல் சுமார் நான்கு மடங்கு. உள்ளே போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகும். இரண்டு, அதன் ஆக்டேன் 100-க்கும் மேல். நாக்கிங் எளிதில் வராது. அதனால் கம்ப்ரெஷனை உயர்த்தலாம், டைமிங்கைக் கொஞ்சம் முன்னே கொண்டு போகலாம். 9-க்கு 1 கம்ப்ரெஷனிலேயே விட்டுவிட்டு எத்தனால் மட்டும் ஊற்றினால் எண்ணெய்ச் செலவு ஏறும், வேகம் பெரிதாக ஏறாது.

டியூன் செய்யும்போது ப்ளக் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனால் சுத்தமாக எரிவதால் பெட்ரோலில் பழகிய கண்ணை ஏமாற்றும். வைட்பேண்ட் மீட்டரில் லாம்டா பாருங்கள். முழு த்ராட்டலில் 0.85-ஐ ஒட்டி, ரிச் பக்கத்திலிருந்து மெதுவாக இறங்கி வாருங்கள்.

ரப்பர், டேங்க், தண்ணீர்

எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊதவைக்கும், ஃபைபர் டேங்கின் பிசினைக் கரைக்கும், அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். டேங்கில் பல வருஷமாகப் படிந்த அழுக்கையும் கிளறி ஜெட்டில் கொண்டுவந்து அடைக்கும். எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸ், ஓரிங், ஃபில்ட்டர் போடுங்கள். நம்ம ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். மூடி திறந்திருந்தால் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓட்டி முடித்ததும் கார்பரேட்டரைக் காலி செய்து, கொஞ்சம் பெட்ரோலில் ஓடவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம். இன்ஜின் ஆயிலையும் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

நெருப்பும் டிரம்மும்

கம்ப்ரெஷனைவிட முக்கியம் இந்தப் பகுதி. எத்தனால் நெருப்பு வெயிலில் மங்கலாகத்தான் தெரியும். பெட்ரோல் டிரம்முக்குள் ஆவி மிகுதியாக இருப்பதால் உள்ளே எரியக் காற்று போதாது. எத்தனால் அப்படி இல்லை. நம்ம ஊர் வெப்பத்தில் டிரம்முக்குள் இருக்கும் ஆவியே பற்றிக்கொள்ளும் அளவில் இருக்கும். பக்கத்தில் வெல்டிங் வேண்டாம், சிகரெட் வேண்டாம். பெட்ரோலுக்கான சாதாரண நுரையை எத்தனால் உடைத்துவிடும். உலர்தூள் தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது, குடி. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்ததை மறக்க முடியாது. சம்சு நம்ம தோட்டத்துக் குடும்பங்களை என்ன செய்தது என்பதை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். பட்டறைக்கு வரும் எத்தனாலில் குடிக்க முடியாதபடி வேறு பொருள்கள் கலந்திருக்கும், மெத்தனாலும் இருக்கலாம். அதைக் கண்ணாலோ மூக்காலோ பிரித்தறிய முடியாது. டிரம்மில் "விஷம்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள், பூட்டி வையுங்கள், மினரல் வாட்டர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். யாராவது குடித்துவிட்டால் "கொஞ்சம் தூங்கட்டும்" என்று விடக் கூடாது. மெத்தனாலின் வேலை பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கண் மங்கும்போது நேரம் நிறையப் போயிருக்கும். உடனே மருத்துவமனை.

எங்கே ஓட்டுவது?

இவ்வளவு கணக்குப் போட்டுக் கட்டிய இன்ஜினை ராத்திரி நெடுஞ்சாலையில் ஓட்டுவது படிப்புக்கே அவமானம். சாலைப் பந்தயம் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அதைவிட, எதிரே வருகிறவர் யாரோ ஒருவருடைய அம்மா. 1999-இல் திறந்த செப்பாங் நமக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். நம்ம நாட்டு கரம்ஜிட் சிங் 2002-இல் புரோட்டோன் காரில் உலக ராலியின் புரொடக்‌ஷன் பிரிவுப் பட்டம் வென்றார். விதிமுறைக்கு உட்பட்ட பந்தயத்தில்தான் அந்தப் பெயர் கிடைத்தது.

குழுவில் பேசுவதற்கு

1. 130 ஜெட் போட்ட கார்பரேட்டருக்கு எத்தனாலில் எந்த ஜெட்டில் ஆரம்பிப்பீர்கள்? கணக்கோடு காட்டுங்கள்.
2. மெயின் ஜெட் சரியாக இருந்தும் நேர்ரோட்டின் கடைசியில் இன்ஜின் லீன் ஆகிறது. எந்த மூன்று இடங்களைப் பார்ப்பீர்கள்?
3. உங்களுக்குத் தெரிந்த பட்டறையில் ஸ்பிரிட் டப்பா எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? பெயர் எழுதியிருக்கிறதா? அடுத்த கூட்டத்துக்குள் பார்த்துவிட்டு வாருங்கள். எழுதவில்லை என்றால் மரியாதையாகச் சொல்லி எழுதவையுங்கள்.