அம்மாவிடம் சொல்வதா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் அம்மாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு அறுவையின்போதே, தாறுமாறாகத் துடிக்கும் மேலறையையும் உறைய வைத்துச் சரிசெய்யப் போகிறார்கள். இந்த முறையை நாய்களிடம் சோதித்தார்கள் என்று தெரிந்ததிலிருந்து உங்களுக்கு மனம் ஆறவில்லை. தெருநாய்களுக்குத் தினமும் சோறு வைக்கிற அம்மாவிடம் இதைச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடந்ததை முதலில் சொல்கிறேன். இதயத்தின் மின்னோட்டம் வழிமாறிச் சுழலும்போது துடிப்பு தறிகெடுகிறது. சுழலும் பாதையில் ஒரு தழும்பு இருந்தால் மின்னோட்டம் அதைத் தாண்டாது. கடுங்குளிரால் அந்தத் தழும்பை உண்டாக்கலாம். செல்கள் சாகும், ஆனால் அவற்றைத் தாங்கும் நார்ச்சட்டகம் நிலைத்திருக்கும்.

எவ்வளவு குளிர் வேண்டும்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 1977-இல் வெளியிட்ட ஆய்வில், மேலறையிலிருந்து மின்னோட்டம் கீழே இறங்கும் ஏ.வி. கணுவின் மீது குளிர்முனையை வைத்தார்கள். அந்த இதயங்கள் நாய்களுடையவை. சுழியம் டிகிரி அளவுக்குக் குளிர்வித்தால் ஓட்டம் நின்றது, சூடேறியதும் திரும்பியது. மைனஸ் 60 டிகிரி வரை இறக்கினால் திரும்பவில்லை. இதன் அருமையைக் கொஞ்சம் யோசியுங்கள். நிரந்தரமாக அழிப்பதற்கு முன், சரியான இடம்தானா என்று தொட்டுப் பார்க்க மருத்துவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இதய அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ் பல ஆண்டுகள் நாய்களிடம் உழைத்த பிறகே, மேலறையில் தழும்புக் கோடுகள் போட்டுச் சுழற்சியைத் தடுக்கும் 'மேஸ்' அறுவையை 1987-இல் முதல் நோயாளிக்குச் செய்தார். அன்று பெரும்பாலும் வெட்டித் தைத்த கோடுகளைத்தான் இன்று பல மருத்துவர்கள் உறைய வைத்துப் போடுகிறார்கள்.

தீங்கையும் நாய்கள் காட்டிக்கொடுத்தன. காலில் குழாய் நுழைத்துச் செய்யும் குளிர்பலூன் முறை அம்மாவுக்கு உரியதல்ல, ஆனாலும் சொல்கிறேன். அதைச் சோதித்தபோது உதரவிதானத்தை இயக்கும் நரம்பு குளிரில் செயலிழப்பது நாய்களிடம் தெரிந்தது. இன்று பலூன் குளிரும்போது அந்த நரம்பைத் தூண்டிக்கொண்டே, நோயாளியின் வயிற்றின்மேல் ஒரு கை வைத்திருக்கிறார்கள். அசைவு தளர்ந்தால் உடனே நிறுத்திவிடுவார்கள்.

இந்தச் சோதனைகள் தேவைப்பட்டன என்பதே என் கருத்து. துடிக்காத திசுவில் துடிப்பைச் சோதிக்க முடியாது. ஆனால் தெரிந்ததையே மறுபடி தெரிந்துகொள்ள இன்னொரு உயிரை எடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

தழும்பு ஆறிய விதத்தை நுண்ணோக்கியில் பார்க்க, இந்தச் சோதனைகளில் நாய்களைக் கொன்றுதான் இதயத்தை எடுத்தார்கள். இதையும் மறைக்காமல் அம்மாவிடம் சொல்லுங்கள். சோறு வைக்கிற கைக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்