ரோமன் ரெய்ன்ஸும் பால் ஹேமனும்: ஒரே கூச்சல், வேற அர்த்தம்

ரெஸ்லிங் பத்தி எழுதப்போறேன்னு சொன்னதும் வந்த முதல் கேள்வி, "அதெல்லாம் ஃபேக்தானே மச்சி?" ஆமா. யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதி வெச்சிருவாங்க. யாரும் இப்போ அதை மறைக்கிறது இல்ல. ஆனா அந்த அரங்கத்துல எழுதி வைக்க முடியாதது ஒண்ணு இருக்கு: கூட்டம் போடுற சத்தம். யாருக்குக் கைதட்டணும், யாரைப் பார்த்துக் கத்தணும்னு டபிள்யூ.டபிள்யூ.இ. ஆசைப்படலாம், கட்டளை போட முடியாது. இந்தக் கட்டுரை அந்தச் சத்தத்தைப் பத்தினதுதான்.

முதல்ல ரெண்டு வார்த்தை. நல்லவன் கேரக்டருக்கு ரெஸ்லிங் பாஷையில 'பேபிஃபேஸ்', சுருக்கமா 'ஃபேஸ்'. வில்லனுக்கு 'ஹீல்'. ஹீலைப் பார்த்து அமெரிக்கக் கூட்டம் 'பூ'ன்னு கத்தும். தமிழ்ல எழுதினா பூச்செண்டு குடுத்த மாதிரி இருக்கும், அதனால 'கூச்சல்'னே வெச்சுக்கறேன்.

இந்தக் கூச்சல்லயும் ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, "இவனை யாராவது அடிங்கடா"ங்கற கூச்சல். அடி வாங்குறதைப் பார்க்கவே காசு குடுத்து வருவாங்க, கம்பெனிக்கு லாபம். இன்னொண்ணு, "இவன் மூஞ்சியே வேணாம், சேனலை மாத்து"ங்கற கூச்சல். டிவியில கேட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரோமன் ரெய்ன்ஸ் கதையில பல வருஷக் குழப்பமே இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காததுதான்.

2012 நவம்பர்ல சர்வைவர் சீரிஸ்ல 'ஷீல்ட்'ங்கற மூணு பேர் டீம்ல வந்தார் ரோமன். கூட சேத் ராலின்ஸ், டீன் ஆம்ப்ரோஸ். கம்மியா பேசுவார், பலமா அடிப்பார். 2014 ஜனவரி, பிட்ஸ்பர்க்ல நடந்த ராயல் ரம்பிள்ல 12 பேரை வெளியே தூக்கிப் போட்டு அப்போதைய ரெக்கார்டை உடைச்சார். கடைசியா அவரும் படிஸ்டாவும் மட்டும் ரிங்ல. கூட்டம் ரோமன் பக்கம் நின்னுச்சு. ஜெயிச்சது படிஸ்டா, கூச்சல் வாங்கினதும் படிஸ்டா.

அடுத்த வருஷம் ஜனவரி, ஃபிலடெல்ஃபியா. அதே ராயல் ரம்பிள், இந்தத் தடவை ஜெயிச்சது ரோமன். மக்கள் கேட்டது காயத்துல இருந்து திரும்பி வந்த டேனியல் பிரையனை. அவரைப் பாதியிலயே வெளியே அனுப்பிட்டாங்க. அப்புறம் அரங்கம் முழுக்கக் கூச்சல். சமாளிக்க 'த ராக்' வந்து ரோமன் கையைத் தூக்கிப் பிடிச்சார். ராக் நிக்கும்போதே கூச்சல் நிக்கல.

ஒரே வருஷத்துல ரோமன்கிட்ட என்ன கெட்டுப்போச்சு? பெருசா ஒண்ணும் இல்ல. "இவர்தான் அடுத்த ஹீரோ, ரசிச்சே ஆகணும்"னு மேலிருந்து திணிச்சதுதான் மாறுச்சு. பத்தாததுக்கு அவர் வாய்க்கு வராத வசனங்களை வேற எழுதிக் குடுத்தாங்க. லூனி ட்யூன்ஸ்ல சில்வெஸ்டர் பூனை பேசுற வசனத்தை அவ்ளோ பெரிய ஆள் ரிங்ல நின்னு சொன்னார். அதைப் பார்த்து அவருக்காக நான் வெட்கப்பட்டேன்.

கம்பெனி பின்வாங்கல. 2016 ரெஸில்மேனியாவுல டிரிபிள் எச்சைத் தோக்கடிக்க வெச்சாங்க, கூச்சல். 2017 ஏப்ரல்ல அண்டர்டேக்கரையே தோக்கடிக்க வெச்சாங்க. மறுநாள் ராத்திரி ஆர்லாண்டோவுல ஆம்வே சென்டர்ல ரா நிகழ்ச்சி. ரோமன் மைக்கோட ரிங்ல நின்னார். கிட்டத்தட்ட பத்து நிமிஷம் கூட்டம் அவரைப் பேசவே விடல. அவரும் அசையாம நின்னார். கடைசியில, இனிமே இது என்னோட இடம்ங்கற அர்த்தத்துல ஒரே ஒரு வாக்கியம் சொல்லிட்டுக் கிளம்பிட்டார். என்னைக் கேட்டா ரோமனோட வில்லன் கேரக்டர் பிறந்தது அந்தப் பத்து நிமிஷத்துலதான். ஆனா அடுத்த வாரமே பழையபடி ஹீரோ ஆக்கிட்டாங்க.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு ஒரு வரியில சொல்றேன். சென்சார் சரியா வேலை செய்யுது, ரீடிங் வருது, கண்ட்ரோலர்தான் அதைப் பார்க்கவே இல்ல.

2018 அக்டோபர் 22 அன்னைக்கு ரோமன் தன்னோட நிஜப் பேரான ஜோவைச் சொல்லி, லுகேமியா திரும்ப வந்திருக்குன்னு அறிவிச்சார். முதல் தடவை வந்தப்போ அவருக்கு 22 வயசு, கையில வேலையும் இல்ல, காசும் இல்ல. நம்ம வயசுதான், யோசிச்சுப் பாருங்க. பெல்ட்டை ரிங்ல வெச்சுட்டுப் போனார், அரங்கம் மொத்தமும் எழுந்து கைதட்டி அனுப்பிச்சது. அவ்வளவு வருஷம் கத்தினவங்களும் அந்த மனுஷனை வெறுக்கலன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. அவங்க வெறுத்தது அவருக்கு எழுதப்பட்ட கேரக்டரை.

2019 பிப்ரவரியில குணமாகித் திரும்பி வந்தார். அன்பு இருந்துச்சு, கதை இல்ல. அந்த வருஷ டிசம்பர்ல பேரன் கார்பினோட சண்டையில அவர் மேல நாய் உணவைக் கொட்டுற சீன்லாம் வந்துச்சு. அதுக்கு மேல எழுதக் கை வரல. அப்புறம் கோவிட். 2020 ரெஸில்மேனியாவுல இருந்து விலகிட்டார்.

2020 ஆகஸ்ட் 23, சம்மர்ஸ்லாம். கடைசி மேட்ச் முடிஞ்சதும் ரோமன் திடீர்னு வந்து ஃபீண்டையும் பிரான் ஸ்ட்ரோமனையும் அடிச்சார். அஞ்சு நாள் கழிச்சு ஸ்மாக்டவுன்ல அவர் ரூமைக் காட்டினாங்க. பக்கத்துல உட்கார்ந்திருந்தது பால் ஹேமன்.

இது ஏன் அதிர்ச்சின்னா, ஹேமன் பிராக் லெஸ்னரோட ஆள். லெஸ்னருக்காக மைக் பிடிச்சு, ரோமனை வருஷக்கணக்கா வாயாலயே கிழிச்சவர். எதிரியோட வக்கீல் நம்ம வீட்டுச் சோபாவுல உட்கார்ந்திருந்தா எப்படி இருக்கும்? ரெஸ்லிங்ல இது பழைய டெக்னிக். 1987-ல ஆண்ட்ரே த ஜெயண்ட்டை எல்லாருக்கும் பிடிக்கும். ஹல்க் ஹோகனுக்கு எதிரா அவரை நிறுத்தணும், எப்படி வில்லன் ஆக்குறது? ஹோகனோட பரம எதிரியான மேனேஜர் பாபி ஹீனனைக் கூட்டிட்டு வந்து நின்னார், அவ்ளோதான். ஆண்ட்ரே வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு.

ரசிகர்கள் நடுவுல ரெண்டு பேச்சு இருந்துச்சு. "அப்பாடா, கடைசியா வில்லன் ஆக்கிட்டாங்க"ன்னு ஒரு கூட்டம். "பேசத் தெரியாத ஆளுக்குத்தான் மேனேஜர் வேணும், ரோமனால பேச முடியாதுன்னு ஒத்துக்கிட்டாங்களா?"ன்னு இன்னொரு கூட்டம். நான் ரெண்டாவது கூட்டம். லெஸ்னருக்குச் செஞ்ச மாதிரியே ஹேமன் பத்து நிமிஷம் பேசுவார், ரோமன் முறைச்சுக்கிட்டு நிப்பார்னு நெனச்சேன்.

தப்பு. ஹேமன் வந்தப்புறம் ரோமன் அதிகமா பேச ஆரம்பிச்சார். கத்தல, மெதுவா, நிறுத்தி நிறுத்திப் பேசினார். பக்கத்துல ஹேமன் நெஞ்சோட பெல்ட்டை அணைச்சுக்கிட்டு, ரோமன் முகத்தையே பார்த்துக்கிட்டு நிப்பார். ரோமன் புருவம் சுருங்கினா ஹேமன் முகம் வெளிறிடும். அப்போ நிகழ்ச்சி நடந்தது தண்டர்டோம்ல: நிஜக் கூட்டம் கிடையாது, சுத்தி திரையில வீடியோ கால் முகங்கள், சத்தம் ஸ்பீக்கர்ல இருந்து. 2017-ல பத்து நிமிஷம் கத்தின அதே ஆம்வே சென்டர்தான், இப்போ காலி. அந்தக் காலி அரங்கத்துல ரோமனைப் பார்த்து எவ்வளவு பயப்படணும்னு நமக்குக் காட்டின ஒரே நிஜ முகம் ஹேமனோடது. அந்த மேனேஜர் வாயா வேலை செய்யல, பார்வையாளரா வேலை செஞ்சார்.

கேரக்டரும் புதுசா ஒட்டினது இல்ல. ரோமன் நிஜமாவே சமோவா ரெஸ்லிங் குடும்பம், அப்பா சிகா பழைய ரெஸ்லர். அதையே எடுத்து 'ட்ரைபல் சீஃப்' ஆக்கினாங்க. வருஷக்கணக்கா மாட்டின அந்தக் கறுப்பு வெஸ்ட்டைக் கழட்டினார். ஆகஸ்ட் 30 பேபேக்ல மத்த ரெண்டு பேரும் அடிச்சு ஓய்ஞ்சப்புறம் வந்து, ஹேமன் நீட்டின பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு பெல்ட்டைத் தட்டிக்கிட்டுப் போனார். அடுத்து கூடவே வளர்ந்த சொந்தக்காரன் ஜே ஊசோ. செப்டம்பர்ல ஜே தோல்வியை ஒத்துக்க மறுத்ததால, அவனோட ரெட்டைச் சகோதரன் ஜிம்மி டவலைத் தூக்கிப் போட்டான். அக்டோபர்ல ஜிம்மி கழுத்தை நெரிச்சுத்தான் ஜேயை "விட்டுடறேன்"னு சொல்ல வெச்சார் ரோமன். நடுவுல அவரே அழுதார். குடும்பத்துக்காகத்தான் எல்லாம் செய்றேன்னு சொல்லியே குடும்பத்தை மிதிக்கிற பெரிய மனுஷனைப் பார்க்க அமெரிக்கா போகணும்னு இல்ல, அதான் அந்த மேட்ச் என்னை உலுக்குச்சு.

2021 ஜூலையில அரங்கங்கள் திரும்ப நிரம்பினப்போ நிஜச் சத்தம் வந்துச்சு. 2023 பிப்ரவரி, மான்ட்ரியால். சொந்த ஊர்ப் பையன் சாமி ஸெய்ன் எதிர்ல. ரோமனுக்குக் காது கூசுற கோஷம். டெசிபல் கணக்குல 2017-ஐ விடக் குறைச்சலா இருந்திருக்காது. ஆனா இந்தத் தடவை ஒருத்தர் கூட சேனலை மாத்தச் சொல்லல. சாமி ஜெயிக்கணும்னு கத்தினாங்க, சாமி தோத்ததும் நொறுங்கிப் போனாங்க.

1,316 நாள் வெச்சிருந்த பெல்ட்டை 2024 ஏப்ரல் 7 அன்னைக்கு ரோமன் கோடி ரோட்ஸ்கிட்ட இழந்தார். அந்த மேட்சுக்கும் கூட்டச் சத்தம்தான் காரணம். கோடி இடத்துல ராக்கை நுழைக்கப் பார்த்தாங்க, ரசிகர்கள் கொந்தளிச்சாங்க, இந்தத் தடவை கம்பெனி திட்டத்தை மாத்துச்சு. மேட்ச் நடந்த ஊர் ஃபிலடெல்ஃபியா. 2015-ல ராக் வந்தும் சமாளிக்க முடியாம போன அதே ஊர்.

ஹேமன்? 2025 ரெஸில்மேனியாவுல ரோமனுக்கு அடிவயித்துல ஒரு குத்து விட்டுட்டு சேத் ராலின்ஸோட போயிட்டார். கூட்டம் அதிர்ந்துபோச்சு. நான் ஹாஸ்டல் ரூம்ல போனைக் கவுத்து வெச்சுட்டு, முதல்ல கவனிச்சது ரோமனை இல்ல, ஹேமன் முகத்தைத்தான்னு அப்புறம் உணர்ந்தேன்.