கரியின் இருவகைத் தொண்டு

உழவனுக்கு மண்ணே முதல். அம்முதலை வளங்குன்றாமல் காப்பது மண்ணில் அடங்கியுள்ள கரிமம் (கார்பன்) என்னும் பொருளாகும். அதே கரிமம் இக்காலத்தில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கவும் பயன்படுகிறது. எதனை மண்ணுக்கு அளிப்பது, எதனை விற்பது என்று அறிந்து நடப்பது ஊருக்கு நலம் பயக்கும்.

முதலில் மண்ணை நோக்குவோம். தழை, வேர், சாணம் ஆகியவற்றை மண்புழுக்கள் சிதைக்கின்றன. நுண்ணுயிர்கள் மட்கச் செய்கின்றன. அம்மட்கு மண் துகள்களை ஒட்டிச் சிறு கட்டிகளாக்குகிறது. அவற்றின் இடையேயுள்ள நுண்துளைகளில் நீரும் காற்றும் தங்குகின்றன. உலக நிலப்பரப்பில் மேல் ஒரு மீட்டர் ஆழத்து மண்ணில் சுமார் 1,50,000 கோடி டன் உயிர்வழிக் கரிமம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. காற்றிலும் செடிகொடிகளிலும் உள்ளதைக் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது.

லூதியானாவில் வேளாண்மை பயின்ற டாக்டர் ரத்தன் லால், 1970 முதல் நைஜீரியா நாட்டின் இபாதான் ஆராய்ச்சி நிலையத்தில் பல்லாண்டுகள் பணியாற்றினார். பயிர்க்கழிவால் மூடிய நிலத்தில் மண்ணரிப்பு வெகுவாகக் குறைவதை அவர் அளந்து காட்டினார். 2020-இல் உலக உணவுப் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. தாளையும் சருகையும் எரிப்பவர், மண்ணின் முதலையே எரிப்பவராவார்.

தேங்காய்ச் சிரட்டையோ எளிதில் மட்காதது. அதனைக் காற்றுப் புகாமல் கரியாக்கி, மிகுந்த வெப்பத்தில் நீராவி செலுத்தினால் கிளர்வூட்டிய கரி கிடைக்கிறது. அதன் துளைகளுட் பல, ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்காகிய நானோமீட்டர் அளவினவே. இத்துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால், ஒரு கிராம் கரியே 1,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 25 சென்ட் நிலமளவு, பரவும். மின்னூட்டம் பெற்ற அயனிகள் இச்சுவர்களில் அணைந்து நிற்பதால் மின்சாரம் சேமிக்கப்படுகிறது. இக்கருவிக்கு மீமின்தேக்கி என்று பெயர். இது பேட்டரியைவிடக் குறைவாகவே சேமிக்கும். ஆயின் சில நொடிகளில் ஏற்றவும் இறக்கவும் இயலும். 2006-இல் ஷாங்காய் நகரில் இதனைக் கொண்டு பேருந்துகள் ஓடலாயின.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கருமை நிறம் கொண்டவை யாவும் எரு ஆகா. பழைய டார்ச் பேட்டரியின் உள்ளிருக்கும் கருந்தூள் வெறும் கரியன்று. அதில் மாங்கனீசு ஆக்சைடும் கலந்துள்ளது. அதனை எருக்குழியில் இடுதல் கூடாது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்க பணிகள் மூன்று:

1. பயிர்க்கழிவை எரிக்காமல் மூடாக்காகவோ மட்கு உரமாகவோ நிலத்திற்கே திருப்பச் செய்தல்.

2. சிரட்டையைச் சேகரித்து ஒருசேர விற்க ஏற்பாடு செய்தல். கரிச்சூளை அமையுமிடத்தில், சூடு தணிக்க ஊற்றும் நீர் கிணறுகளில் கசியாதவாறு கண்காணித்தல்.

3. பழைய பேட்டரிகளைக் குப்பையினின்று பிரித்து, உரிய சேகரிப்பு நிலையத்திற்கு அனுப்புதல்.

மட்குவதை மண்ணுக்கு அளிப்போம். மட்காத சிரட்டையைத் தொழிலுக்கு அளிப்போம். இவ்வாறு செய்யின் நிலமும் வளம் பெறும்; ஊரின் வருவாயும் பெருகும்.