யு.கே.ஜி.யில் இன்னும் ஒரு வருடமா? முடிவெடுக்கும் முன்



மார்ச், ஏப்ரல் வந்தால் சில வீடுகளுக்குப் பள்ளியிலிருந்து ஒரு சேதி வருகிறது: "பிள்ளைக்கு எழுத்து வரவில்லை, யு.கே.ஜி.யிலேயே இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும்." அத்தாவுக்கும் அம்மாவுக்கும் அன்று தூக்கம் போய்விடும். ஒரு வருடக் கட்டணம் ஒரு கவலை. 'ஃபெயில் ஆன பிள்ளை' என்று சொந்தபந்தம் பேசுமே என்பது அதைவிடப் பெரிய கவலை.

முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பில் சேரலாம். மத்திய அரசின் 2020 கல்விக் கொள்கையோ ஆறு வயது என்கிறது. ஆகவே ஐந்து முடியாத பிள்ளைக்கு இன்னொரு வருடம் கிடைத்தால் நஷ்டமில்லை. இரண்டரை வயதில் அவசரப்பட்டுச் சேர்த்தது நாம்தானே!

ஐந்தரை, ஆறு வயதுப் பிள்ளை என்றால் காரணத்தைத் தேடுங்கள். எத்தனை நாள் பள்ளிக்குப் போனான்? 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் நம் கரையைத் தாக்கியபோது எத்தனை நாள் படிப்பு போனது? உப்பளத்துக்கு விடியுமுன் கிளம்பும் வீடுகளில் பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்? வீட்டில் உருது, வகுப்பில் ஆங்கிலம் என்றால் அவன் பேசாமல் இருப்பது மந்தம் ஆகாது. காதில் சீழ் வருகிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காதையும் கண்ணையும் காட்டிவிடுங்கள். சரியாகக் கேட்காத பிள்ளையை இன்னொரு வருடம் அதே பெஞ்சில் உட்கார வைத்து என்ன பயன்?

அமெரிக்காவில் ஹாங், ராடன்புஷ் என்ற இருவர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, மழலையர் வகுப்பில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போயிருந்தால் கூடுதலாகக் கற்றிருப்பார்கள் என்றது. அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறுதான். ஆனால் நமக்கும் ஒரு வழி இருக்கிறது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம் நடத்துகிறார்கள். எழுத்து தெரியாத பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. மதரஸாவில் உஸ்தாத் செய்வதும் இதுதான். அலிஃப், பே படிப்பவனும் குர்ஆன் ஓதுபவனும் ஒரே பாயில் இருப்பார்கள், அவரவருக்கு அவரவர் பாடம்.

பள்ளியில் ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த வருடம் என் பிள்ளைக்கு என்ன மாற்றிச் செய்வீர்கள்?" தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம். அதே புத்தகம், அதே வகுப்பு என்றால் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து ஒன்றாம் வகுப்புக்குப் பெயர் கொடுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. வயதுச் சான்று கையில் இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கவும் கூடாது.