பழைய மானிட்டரை வீசிவிடாதீர்கள்! புதிய கணினியோடு இணைக்கும் முறை



இந்த இதழின் பாடம் கணினி பற்றியது. அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

நமது அறக்கட்டளையின் மாலை நேரப் பயிற்சி அறைக்கு ஓர் அலுவலகத்தார் பயன்படுத்திய மானிட்டர்கள் ஆறு கொடுத்தார்கள். ஒரு சகோதரர் தந்த சதகா தொகையில் ஆறு சிறிய கணினிகள் வாங்கினோம். மானிட்டர்களில் இருந்தது பழைய விஜிஏ போர்ட். கணினிகளில் இருந்தது எச்டிஎம்ஐ மட்டும். இரண்டையும் இணைக்க கன்வெர்ட்டர் வாங்க நானே போனேன். 'விஜிஏ டு எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் ஆறு கொடுங்கள்' என்றேன். கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார். வந்து மாட்டினால் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் ஆறு திரையிலும் 'நோ சிக்னல்' என்றே வருகிறது.

நான்கு நாட்கள் முயன்றோம். டேலி படிக்க வந்த பிள்ளைகள் நான்கு நாளும் வீடு திரும்பினார்கள். 'ஓசியில் வந்த மானிட்டர் இப்படித்தான் இருக்கும்' என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடவும் பேசியாயிற்று. ஐந்தாம் நாள், பாலிடெக்னிக் படிக்கும் நம் மஹல்லாப் பிள்ளை ஒருவர் கன்வெர்ட்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, 'மாமா, இது எதிர்த்திசையில் போவது' என்றார். அவ்வளவுதான் விஷயம். எதிர்த்திசைக்கு உரியதை வாங்கி மாட்டியதும் ஆறு மானிட்டரும் எரிந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

முதலில் வாங்கியதைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அறக்கட்டளைப் பணம் அமானிதம். என் அறியாமைக்கு அது செலவாகக் கூடாது என்பதால் அந்தத் தொகையை என் கையிலிருந்து போட்டுக் கணக்கில் எழுதினேன். கொடுத்தவர்களின் பொருளைக் குறை சொன்னதற்கு அவர்களிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன். அந்த நான்கு நாட்களும் அந்தப் பணமும் உங்களில் யாருக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

ஏன் பொருந்துவதில்லை?

விஜிஏ என்பது 1987-ல் ஐபிஎம் நிறுவனம் தன் பிஎஸ்/2 வகைக் கணினிகளோடு கொண்டுவந்தது. மூன்று வரிசையில் 15 துளைகள், இருபுறமும் திருகாணி, பெரும்பாலும் நீல நிறம். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களையும் தனித்தனிக் கம்பியில் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அனுப்புகிறது. இதற்கு அனலாக் முறை என்று பெயர். பழைய குழாய் மானிட்டருக்காகப் பிறந்த முறை இது. பின்னர் தட்டைத் திரைகள் வந்தபோதும் நீடித்தது.

1999-ல் டிவிஐ வந்தது. எச்டிஎம்ஐ முறையின் முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளியானது. 2006-ல் டிஸ்ப்ளே போர்ட், 2014-ல் டைப்-சி. புதியவை படத்தை எண்களாக அனுப்பும் டிஜிட்டல் முறையைச் சேர்ந்தவை. 2015-க்குள் விஜிஏவைக் கைவிடப் போவதாக இன்டெல், ஏஎம்டி ஆகிய நிறுவனங்கள் 2010 டிசம்பரில் அறிவித்தன. அதனால்தான் இன்று வாங்கும் மடிக்கணினிகளில் அந்த 15 துளைப் போர்ட் பெரும்பாலும் இருப்பதில்லை. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்ப ஆண்டுகளில் வந்த இயந்திரம் வீட்டில் இருந்தால் அதன் பக்கவாட்டைப் பாருங்கள். அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் அது இருக்கும்.

ஒருவர் அரபியில் பேசுகிறார். கேட்பவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால் நடுவில் மொழிபெயர்ப்பவர் வேண்டும். எச்டிஎம்ஐக்கும் விஜிஏவுக்கும் நடுவே அந்த வேலையைச் செய்வது கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிறிய சிப். அரபியிலிருந்து தமிழுக்கு மாற்றத் தெரிந்தவரிடம் தமிழிலிருந்து அரபிக்கு மாற்றச் சொன்னால் முடியாமல் போகலாம் அல்லவா? கன்வெர்ட்டரும் அப்படி ஒருவழிப் பாதைதான்.

கடைக்குப் போகும் முன்

முதலில் கணினியின் பின்புறம் முழுவதையும் பாருங்கள். புதிய சிபியுக்கள் சிலவற்றில் இன்றும் விஜிஏ போர்ட் இருக்கிறது. இருந்தால் அடாப்டரே வேண்டாம். பழைய கேபிள் போதும். அதுபோல மானிட்டரின் அடிப்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். விஜிஏவுக்குப் பக்கத்திலேயே டிவிஐயோ எச்டிஎம்ஐயோ இருக்கலாம். அப்படி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். எழுத்து இன்னும் தெளிவாக இருக்கும்.

இரண்டு போர்ட்டையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் பெயர் சொல்லித் தடுமாறுவதைவிடப் படத்தைக் காட்டி, 'கணினியில் இது, மானிட்டரில் இது. கணினியிலிருந்து மானிட்டருக்குப் போக வேண்டும்' என்று சொன்னால் போதும். எதிலிருந்து புறப்படுகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியது அதைத்தான்.

எந்த இணைப்புக்கு எது?

1. கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ: 'எச்டிஎம்ஐ டு விஜிஏ' என்று எழுதியிருக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். எச்டிஎம்ஐ பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்; விஜிஏ பக்கம் துளைகள் இருக்கும். மானிட்டரின் பழைய கேபிளை அந்தத் துளையில் மாட்டித் திருக வேண்டும். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் விஜிஏ உள்ள வெறும் கேபிளும் விற்கிறார்கள். உள்ளே சிப் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது.

2. கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிவிஐ: இரண்டும் டிஜிட்டல், படத்தை அனுப்பும் முறையும் ஒன்றே. சிப் இல்லாத சாதாரண அடாப்டரோ கேபிளோ போதும். ஒலி மட்டும் பொதுவாக வராது.

3. கணினியில் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டரில் விஜிஏ: சிப் உள்ள 'டிஸ்ப்ளே போர்ட் டு விஜிஏ' கன்வெர்ட்டர் வேண்டும். டிஸ்ப்ளே போர்ட் பார்வைக்கு எச்டிஎம்ஐ போலவே இருக்கும். ஒரு மூலை மட்டும் வெட்டியது போலிருக்கும். கவனித்து வாங்குங்கள்.

4. கணினியில் டைப்-சி மட்டும்: இங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை. எல்லா டைப்-சி போர்ட்டும் படம் அனுப்பாது. சில சார்ஜ் ஏற்றவும் கோப்பு மாற்றவும் மட்டுமே. போர்ட் அருகில் டிஸ்ப்ளே போர்ட் சின்னமோ தண்டர்போல்ட் எனும் மின்னல் சின்னமோ இருக்கிறதா, கையேட்டில் 'டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இது உறுதியாகத் தெரியாமல் அடாப்டர் வாங்க வேண்டாம். கைபேசிக்கும் இதே விதி.

மாட்டும் முறை

கணினியையும் மானிட்டரையும் அணைத்துவிடுங்கள். கன்வெர்ட்டரைக் கணினியில் செருகி, விஜிஏ கேபிளை அதில் மாட்டி, இரு திருகாணிகளையும் கையால் முடுக்குங்கள். தளர்வாக விட்டால் நிறம் மாறும். முதலில் மானிட்டரையும் பிறகு கணினியையும் போடுங்கள். மானிட்டரின் பொத்தானில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்பதை விஜிஏவுக்கு மாற்றுங்கள்; சிலவற்றில் அதற்கு 'அனலாக்' என்றும் பெயர்.

மடிக்கணினியாக இருந்தால் விண்டோஸ் பொத்தானோடு 'பி' எழுத்தை அழுத்துங்கள். நான்கு வழிகள் வரும்: மடிக்கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே காட்சி, இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய மேசை போல, வெளித்திரை மட்டும். மடிக்கணினியின் திரை உடைந்து வீட்டில் மூலையில் கிடந்தால் நான்காவது வழியை நினைவில் வையுங்கள். திரை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவு செய்யாமல், சில நூறு ரூபாய் கன்வெர்ட்டரில் அது மேசைக் கணினியாகிவிடும்.

வேலை செய்யாவிட்டால்

திரையில் 'நோ சிக்னல்' என்று வந்தால் திசை சரிதானா, இன்புட் சரிதானா என்று பாருங்கள். சில கன்வெர்ட்டர்களில் பக்கவாட்டில் சிறிய மின்சாரத் துளை இருக்கும். எச்டிஎம்ஐ வழியாக வரும் மின்சாரம் போதாதபோது அதற்கு யுஎஸ்பி கேபிளில் மின்சாரம் கொடுக்க வேண்டும். சிபியுவில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அந்தக் கார்டில் உள்ள போர்ட்டில்தான் மாட்ட வேண்டும்.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால் மானிட்டர் பழுதில்லை. அதன் சக்திக்கு மீறிய அளவில் கணினி படம் அனுப்புகிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மானிட்டரின் அளவை வையுங்கள். சதுரம் போன்ற 17 அங்குலத் திரைக்குப் பெரும்பாலும் 1280 × 1024, அகலமான 18.5 அங்குலத்திற்கு 1366 × 768. வேகம் 60 ஹெர்ட்ஸ். மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்வது விஜிஏ கேபிளின் 12, 15-ஆம் பின்கள் வழியாக. அளவு தானாக வரவில்லை என்றால் வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள்.

திரை முழுதும் மஞ்சளாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் ஒரு நிறத்தின் பின் வளைந்திருக்கும். கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவரிசையில் 9-ஆம் பின் பல கேபிள்களில் ஆரம்பத்திலிருந்தே இருக்காது. அதை உடைந்ததாக எண்ணிக் கேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். எழுத்து மங்கலாகவோ படம் ஒரு பக்கம் ஒதுங்கியோ இருந்தால் மானிட்டரில் 'ஆட்டோ' பொத்தானை அழுத்துங்கள்.

விஜிஏவில் ஒலி போகாது. மடிக்கணினியின் ஒலிபெருக்கியிலேயே கேட்கலாம். அல்லது ஒலித்துளை உள்ள கன்வெர்ட்டராக வாங்கலாம். கட்டணம் கட்டிப் பார்க்கும் சில பாதுகாக்கப்பட்ட காணொளிகள் விஜிஏ திரையில் ஓடாமல் போகலாம். ஆன்லைன் வகுப்புக்கும் குர்ஆன் தஜ்வீத் பாடத்திற்கும் பொதுவாக எந்தத் தடையும் இல்லை.

எப்போது விட்டுவிட வேண்டும்?

மானிட்டரை வேறொரு பழைய கணினியில் மாட்டியும் விளக்கு எரியாவிட்டால், எரிந்து எரிந்து அணைந்தால், அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஆனால் எடைக்கும் போடாதீர்கள். குழாய் மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய தட்டைத் திரைகளின் உள்விளக்கில் பாதரசம் இருக்கிறது. உடைத்துச் செம்புக்கம்பி எடுக்கும் கூலியாளும் அவர் பிள்ளைகளும்தான் அந்த நஞ்சைச் சுவாசிப்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அது போய்ச் சேர வேண்டும்.

பழைய மானிட்டர் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரையில் கோடு இருந்தால், பொத்தான் வேலை செய்யாவிட்டால், வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து விற்ற பணத்தில் பரக்கத் இருக்காது.

கன்வெர்ட்டர் வாங்க அண்ணா சாலை அருகே ரிச்சி தெரு இருக்கிறது. அம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் தொலைவில்லை. போகும்போது மடிக்கணினியைக் கையோடு கொண்டு போய், கடையிலேயே ஒரு விஜிஏ திரையில் மாட்டிக் காட்டச் சொல்லிப் பணம் கொடுங்கள். பில் வாங்குங்கள்.

வசதி இருந்தும் வீண்விரயம் செய்யாதிருப்பது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம். வசதி இல்லாத வீட்டில் அது ஒரு பிள்ளையின் படிப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆறு அங்குலக் கைபேசியில் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருக்கையில், பக்கத்து வீட்டுப் பரணில் நல்ல மானிட்டர் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. உங்கள் பரணை ஒருமுறை பாருங்கள். வேலை செய்யுமா என்ற சந்தேகம் இருந்தால் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அலுவலகத்திற்குக் கொண்டு வாருங்கள். மாட்டிப் பார்த்துச் சொல்கிறோம். நான் தவறாக வாங்கிய ஆறு கன்வெர்ட்டர்களையும் மேசை மேலேயே வைத்திருக்கிறேன். எது எந்தத் திசை என்று வருகிறவர்களுக்குக் காட்ட அவை பயன்படுகின்றன.

அல்லாஹ் நமக்குப் பயன் தரும் கல்வியையும், கையில் உள்ளதைக் காக்கும் பொறுப்புணர்வையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்