காரைப் பார்க்க வந்தவர் பீரோவைத் திறக்கச் சொன்னார்

கேள்வி: தாத்தா 1966இல் புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் எங்களிடம் இருக்கிறது. தேர்தல் சமயத்தில் காமராஜர் அதில் ஏறியிருக்கிறார் என்று பாட்டி சொல்வார். விற்பதற்கு முன் பெயின்ட் அடிக்கலாம் என்றிருந்தோம். பார்க்க வந்தவரோ வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பழைய ஆர்.சி. புக், பில், போட்டோ எல்லாம் கேட்கிறார். காரைவிடக் காகிதம் முக்கியமா?
– ஒரு வாசகர், மண்ணூர்பேட்டை

பதில்: விவரம் தெரிந்த ஆள்தான் வந்திருக்கிறார், விட்டுவிடாதீர்கள்.

பழைய கார் என்றாலே நல்ல விலை போகும் என்று பலரும் நம்புகிறார்கள். வயது மட்டும் விலை தராது. வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரான ஹெரால்டுகள் இன்னும் பல வீடுகளில் நிற்கின்றன. உங்களுடையதைத் தனியே காட்டுவது அதன் 'பிராவனன்ஸ்'. அதாவது, வண்டி யார் கையில் இருந்தது, யார் பயன்படுத்தினார்கள் என்பதற்கான ஆதாரத் தொடர். ஒரே குடும்பத்து வண்டி என்பதற்கு ஆர்.சி. புக் சாட்சி. காமராஜருக்கு இப்போதைக்குப் பாட்டி மட்டும்தான். பாட்டியை நான் நம்புகிறேன். ஆனால், காமராஜர் ஏறியதாகச் சொல்லப்படும் கார்களை வரிசையில் நிறுத்தினால் பாடி மேம்பாலம் தாண்டிப் போகும். அவருடைய எம்.டி.டி. 2727 செவ்ரோலெட்டின் எண் ஊரறிந்தது. உங்கள் வண்டிக்கு, நம்பர் பிளேட் தெரிய அவர் நிற்கும் ஒரு போட்டோ வேண்டும். சொந்தக்காரர் வீட்டு ஆல்பங்களையும் புரட்டிப் பாருங்கள்.

காகிதத்தின் மதிப்புக்கு ஒரு உதாரணம். 1968இல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங்கை 1974இல் ஓர் அமெரிக்கக் குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டம்மா அதில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்வந்தார். 1977இல் மெக்வீனே காரைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார். அவர்கள் காரைக் கொடுக்கவில்லை, கடிதத்தைப் பத்திரப்படுத்தினார்கள். 2020 ஜனவரியில், துருவும் சொட்டையுமாகவே ஏலத்துக்கு வந்த கார் 37.4 லட்சம் டாலருக்குப் போனது.

ஆகவே பெயின்ட் வேண்டாம். பழைய டைனமோவில் பாடி லூகாஸ்-டிவிஎஸ் முத்திரை இருந்தால் அதையும் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சேகரிப்பாளர்கள் குனிந்து தேடுவது அதைத்தான்.

அடுத்து ஆர்.டி.ஓ. வேலை. ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் பெயர் மாற்றுங்கள். 2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு தாண்டி, சேஸி, பாடி, இன்ஜின் பெரிதாக மாறாத வண்டியை 'வின்டேஜ்' என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது உங்களுக்கு லாபம். ஆனால் அதன்பின் ராலி, கண்காட்சி, ரிப்பேர், பெட்ரோல் போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். காய்கறி வாங்கப் போகக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை விற்றால், விற்றவரும் வாங்கியவரும் 90 நாளுக்குள் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

வரி விஷயமும் உண்டு. சொந்த உபயோகத்துக்கான காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி (சொத்து விற்ற லாபத்தின் மீதான வரி) கிடையாது. ஆனால் 1983இல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, பிறகு 21 லட்சத்துக்கு விற்ற 1931 ஃபோர்டு ஒன்றின் வழக்கில், அதைச் சொந்தமாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025இல் வரியை உறுதிசெய்தது. ஆடிட்டரைப் பார்க்கும்போது இன்ஷூரன்ஸ் ரசீது, ஒர்க்‌ஷாப் பில் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.