இடர்ப்பட்ட இளமையும் உபாத்தியாயர் கடனும்

தந்தை குடிகாரனாகவும் தாய் எந்நேரமும் சினந்து வைபவளாகவும் வாய்த்த வீட்டிலிருந்து வரும் பிள்ளையைக் குறித்து உபாத்தியாயர்கள் இருவகையாகப் பேசக் கேட்கின்றோம். இவன் உருப்படான் என்பர் ஒரு சாரார். துன்பமே இவனுக்கு உரமாகும், விட்டுவிடுங்கள் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பிழையென்பதற்குத் தக்க சான்றொன்று உளது.

பசுபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது கவாய் என்னுந் தீவு. கரும்புத் தோட்டங்களிலும் அன்னாசித் தோட்டங்களிலும் வேலைசெய்யும் பொருட்டு யப்பான், பிலிப்பைன் முதலிய தேசங்களிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களும் அத்தீவின் பழங்குடிகளும் அங்கே வாழ்ந்தனர். 1955ஆம் ஆண்டில் அங்குப் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வேர்னர் என்னும் உளநூற் பேராசிரியையும் அவரோடுழைத்தோரும் நாற்பது வயதளவுந் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவருள் 201 பிள்ளைகள், வறுமை, பிறப்பிலுற்ற பீடை, பெற்றோரின் கலகம், குடி, சித்தக்கோளாறு என்றின்னவற்றுள் நான்கேனும் அதற்கு மேலேனும் இரண்டு வயது நிரம்புமுன்னரே உற்றவர். இவருள் மூவரில் இருவர் பத்து வயதளவிற் கல்வியிலோ ஒழுக்கத்திலோ இடறினர். அன்றிப் பதினெட்டு வயதுக்குள் குற்றத்திலோ மனநோயிலோ வீழ்ந்தனர். எஞ்சிய 72 பேர் திறமையும் தன்னம்பிக்கையும் பிறர்பால் அன்புமுடையராய் வளர்ந்தனர்.

துன்பந்தானே உரமாகுமாயின் அத்துணைப்பேர் வீழ்ந்திரார். அந்த 72 பேருக்கு வாய்த்தது யாது?

தம்மை மாறாத அன்போடு ஏற்றுக்கொண்ட ஒருவர் வாய்த்தார். பெற்றோர் தவறியவிடத்துப் பாட்டியோ, பாட்டனோ, தமையனோ, தமக்கையோ நின்று தாங்கினர். (தமக்கையார் வளர்ப்பின் பெருமையைத் திலகவதியார் சரிதங் கற்பிக்கும் நம்மவர்க்கு விரித்துரைத்தல் வேண்டா.) குடும்பத்துக்குப் புறத்தே அவர் வாழ்விற் பெரிதும் காணப்பட்டவர் யாவரெனின், தமக்கு விருப்பமான ஓர் உபாத்தியாயரே. அவர் எழுத்தும் கணக்குங் கற்பித்ததோடு அமையாது, மனம்விட்டுப் பேசுதற்குரியவராயும் பார்த்து நடத்தற்குரியவராயும் இருந்தார்.

அன்றியும், இளையோரைப் பராமரித்தல் முதலிய கடமைகள் அவருட் பலர்க்கு இருந்தன. தம்மாற் பிறர்க்கு ஆவதொன்று உண்டென்று அவர் அதனாற் கண்டனர். பாடசாலைக்கு விடாது பிள்ளையை வேலையில் மாட்டும் பெற்றோரை யாம் இதுகொண்டு நியாயப்படுத்துகின்றிலம்.

தேறியவரும் விலை கொடாது தேறினாரல்லர். முப்பத்திரண்டாம் வயதில் விசாரித்தபோது, பெற்றோரின் தொல்லைகள் தம்மையும் விழுங்காவண்ணம் அவரினின்று சற்று விலகி வாழ்வோர் அவரிடைக் காணப்பட்டனர். பெற்றோரை வழிபடுக என்று கற்பிக்கும் நாம் இதனை நன்றிகேடு எனச் சொல்லலாகாது. அதுபோலவே, பிள்ளை கேட்க அவன் தந்தையை இகழ்தலும் ஆகாது. அவ்விகழ்ச்சி அவனைத் தந்தையினின்று காவாது, நம்மினின்றே பிரிக்கும்.

இடறியோர் கணக்கும் பதினெட்டு வயதோடு முடிந்திலது. நியாயத்தலம் ஏறியவருட் பெரும்பாலார், மேற்படிப்பாலும் நல்ல இல்வாழ்க்கையாலும் சமயக்கூட்டத்தின் துணையாலும் நாற்பது வயதளவில் திருந்தினர். ஐந்தாம் வகுப்பில் முரண்டுசெய்வானை இடாப்பிலிருந்து வெட்ட விரைவோர் இதனைச் சிந்திப்பாராக.

வீட்டுச் சண்டைக்கு அஞ்சி நேரத்தோடே பாடசாலை வாயிலில் வந்து நிற்கும் பிள்ளை உளனாயின், ஏன் வந்தாயென்று வினவாது வகுப்பறைத் திறப்பை அவன் கையிற் கொடுத்துவைக்கலாம். மணியடிக்குமுன் ஐந்து நிமிஷம் அவனோடிருந்து பேசலாம். இதற்குப் பணமும் வேண்டா. மேலதிகாரிகளின் உத்தரவும் வேண்டா.